முதலோட்டத்தின் தாமதம்

பருவமழை பொய்க்காத ஆண்டுகளில், ஜூன் மாதத் தொடக்கத்தில் தேக்கடி மதகு திறக்கப்படும் நாளைக் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் எத்துணை ஆவலோடு எதிர்நோக்குவர் என்பதை நம் வாசகருட் பலர் நன்கறிவர். 1895ஆம் ஆண்டு முதலாக முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கீழிறங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களின் வயல்களை வளஞ்செய்து வருகின்றது. இப்பள்ளத்தாக்கின் இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர் என்பது கணக்கு. ஆயினும், மதகு திறந்த அன்றே கடைமடை வயலுக்கு நீர் எட்டிவிடுவதில்லை. கோடை வெயிலில் வெடித்துக் கிடக்கும் வாய்க்காற் படுகை முதலில் தன் தாகத்தைத் தணித்துக்கொள்ளும். அதன் பின்னரே நீர் முன்னோக்கி ஓடும். அடுத்த முறை அதே அளவு நீர் விடப்படுங்கால், நனைந்த வாய்க்காலில் அது விரைந்து செல்லும். இதனை யறிந்த முதியோர், முதல் நாளின் தாமதங்கண்டு அணையை நொந்துகொள்வதுமில்லை. மதகை மாற்றவேண்டுமென்று மனுச் செய்வதுமில்லை. 'வாய்க்கால் நனையட்டும்' என்று கூறி அமைந்திருப்பர்.

இத்துணைத் தெளிவுடைய நாட்டிலேயே, கணிப்பொறி காலையிற் சிறிது தாமதிக்குமாயின் நம்மவர் பொறுமை யிழந்துவிடுகின்றனர். சில மாதங்களுக்கு முன் யாம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகர் ஒருவரின் கடைக்குச் சென்றிருந்தோம். அங்குக் கணக்கெழுதுபவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். கடை திறந்த சில நிமிடங்களில், மலைத் தோட்டத்தினின்று முதற் பேருந்தில் இறங்கிவந்த முதியவர் ஒருவர், சென்ற பருவத்தில் தாம் அனுப்பிய காயின் எடையையும், தமக்கு வரவேண்டிய பாக்கியையும் கேட்டார். எழுத்தர் அவர் கணக்கெண்ணைத் தட்டினார். திரையில் ஒன்றுந் தோன்றவில்லை. முதியவருக்கு அளிக்கப்பட்ட காபி ஆறுமளவும் தோன்றவில்லை. கடைசியாகக் கணக்கு வந்தது. அவர்க்குப் பின் வந்த இருவரின் கணக்குகளோ, கண்ணிமைக்கு முன் வந்துவிட்டன. அதனைக் கண்ட முதியவரின் முகம் வாடிற்று. "எனக்கு மட்டும் ஏன் தம்பி இத்தனை நேரம்? என் கணக்கில் ஏதாவது கோளாறு இருக்கிறதா?" என்று வினவினார். "ஒன்றுமில்லை ஐயா, சிஸ்டத்தை இப்போதுதான் திறந்தோம்" என்பதற்குமேல் எழுத்தர்க்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளிருந்த முதலாளியோ, "பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாம்" என்றார். முதியவரின் ஐயம் தீர்ந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

தரவுத்தள நிரல்கள் முதன்முறை ஓடுங்கால் ஏன் தாமதிக்கின்றன என்னும் அவ்வெளிய வினாவிற்கு விடை பகர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணிப்பொறியியல் பயிலாதாரும் எளிதில் அறிந்துகொள்ளத்தக்க விஷயம் இது. அறியாமையால் விளையும் பொருள் நட்டமும், மனத்தாங்கலும் சிறியன அல்ல.

தரவுத்தளம் என்பது யாது? ஒழுங்குபட அடுக்கி, வேண்டியபோது வேண்டியதை மட்டும் எடுத்தற்கேற்ப அமைத்த கணக்குகளின் தொகுதியே தரவுத்தளம். கணக்குகளை வரிசையும் பத்தியுமுடைய அட்டவணைகளாக வகுத்து, அவற்றிடையே வினா எழுப்பி விடை பெறும் முறையை 1970இல் எட்கர் காட் என்பார் ஒரு கட்டுரை வாயிலாக உலகிற்கு உரைத்தார். இன்று கடைக் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டி, நூலகப் பட்டியல் ஆகிய பலவும் அம்முறையைத் தழுவியனவே. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் சார்பில் ஏலக்காய் விற்பனை 2007 முதல் மின்னணு ஏலமாக நடைபெறலாயிற்று. ஆதலின், தரவுத்தளம் என்பது நகரத்தார்க்கு மட்டும் உரிய பொருளென்று கருதற்க. மலைத்தோட்டத்தில் காய் பறிக்கும் குடும்பத்தின் வருவாயும் அதன் வழியாகவே எண்ணப்படுகின்றது.

இனித் தாமதத்தின் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வாம். அவற்றுள் தலையாயது, கணிப்பொறி தன் செல்வத்தை இருவகை இடங்களில் வைத்திருப்பதாகும். ஒன்று நினைவகம், மற்றொன்று வட்டு. நினைவகம் மிக விரைவானது. ஆனால் விலை மிகுந்தது, அளவிற் சிறியது, மின்சாரம் நின்றவுடன் அனைத்தையும் மறந்துவிடுவது. வட்டு மெல்லியது, ஆனால் மலிவானது, பெரியது, மின்சாரம் நின்றாலும் மறவாதது. ஆகவே, நிலையாக இருக்கவேண்டிய கணக்குகள் யாவும் வட்டில் உறைகின்றன. அவற்றைக் கொண்டு வேலை செய்யுங்கால் நினைவகத்திற்கு எடுத்து வரப்படுகின்றன.

இவ்விரண்டின் வேக வேற்றுமை நம் கற்பனைக்கு எளிதில் அடங்குவதன்று. நினைவகத்தில் உள்ள ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோசெகண்டு ஆகும். ஒரு நானோசெகண்டு என்பது ஒரு விநாடியின் 100 கோடியில் ஒரு பங்கு. சுழலும் வட்டிலோ, படிக்கும் முனை உரிய தடத்திற்கு நகரவேண்டும். பின்னர் உரிய இடம் சுழன்று அதன்கீழ் வரவேண்டும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டில் அரைச் சுற்றுக்கு மட்டும் 4 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகின்றது. இரண்டுஞ் சேர ஏறக்குறைய 10 மில்லிசெகண்டு எனக் கொள்வோம். இது நினைவகத்தின் காலத்தைப்போல் 1,00,000 மடங்கு. நினைவகத்தில் எடுப்பதை ஒரு விநாடி எனக் கொண்டால், வட்டில் எடுப்பது 27 மணி 46 நிமிடத்திற்குச் சமமாகும். மேசைமேற் கிடக்கும் நூலைக் கையில் எடுத்தற்கும், தேனியிலிருந்து சென்னைக்குச் சென்று அந்நூலை வாங்கிக்கொண்டு மீண்டு வருதற்கும் உள்ள வேற்றுமை இதுவென்க. அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை வட்டு இத்தூரத்தை மிகக் குறைத்துள்ளது. அதன் காலத்தை 0.1 மில்லிசெகண்டு எனக் கொண்டால், முன்கூறிய கணக்கில் அது 16 நிமிடம் 40 விநாடி. சென்னைக்குச் செல்வதற்கு மாறாகத் தெருக்கோடிக் கடைக்குச் சென்று வருவது போலாம். குறைந்ததேயன்றி ஒழிந்ததில்லை.

இவ்வேற்றுமையை ஈடுசெய்ய அறிஞர் கண்ட உபாயம் எளியது. ஒருமுறை வட்டினின்று கொணர்ந்ததை உடனே எறிந்துவிடாது, மீண்டும் வேண்டப்படலாம் என்னும் எண்ணத்தால் அருகில் வைத்துக்கொள்வதே அது. விரைந்த சிறு நினைவகமொன்றை மெல்லிய பெரு நினைவகத்திற்குத் துணையாக வைக்கும் கருத்தை 1965இல் மாரிஸ் வில்க்ஸ் என்பார் எழுதினார். அங்ஙனம் அருகில் வைக்கும் இடத்தைக் கேஷ் என்பர். எந்த நிரலும் ஒரு காலவெல்லையுள் தன் செல்வத்தின் ஒரு சிறு பகுதியையே மீண்டும் மீண்டும் தொடுகின்றது என்பதை 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். கடையிற் பேரேடுகள் நூறு இருப்பினும், நடப்புப் பருவத்தின் ஏடுகள் இரண்டு மூன்றே மேசைமேல் விரிந்து கிடப்பதை நாம் காண்கின்றோம் அல்லமோ? அது போன்றதே இது.

தரவுத்தளம் தன் கணக்குகளைத் தனித்தனி வரியாக எடுப்பதில்லை; பக்கம் பக்கமாகவே எடுக்கும். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் ஒரு பக்கம் 8 கிலோபைட்; மைஎஸ்கியூஎல் கையாளும் இன்னோடிபி அமைப்பில் 16 கிலோபைட். எடுத்த பக்கங்களை வைத்துக்கொள்ளும் இடத்திற்குப் பஃபர் என்று பெயர். போஸ்ட்கிரஸில், வேறு கட்டளையிடாதவழி, இது பெரும்பாலும் 128 மெகாபைட் அளவில் அமையும். அஃதாவது 16,384 பக்கங்கள். நிரல் தொடங்கும்பொழுது இப்பஃபர் முற்றிலும் வெறுமையாக இருக்கின்றது. முதல் வினா வந்தவுடன் வேண்டிய ஒவ்வொரு பக்கத்திற்கும் வட்டிற்குச் சென்று வரவேண்டியதாகின்றது. இரண்டாம் வினா வருங்கால், முன்னதற்காகக் கொணர்ந்த பக்கங்கள் அங்கேயே காத்திருக்கின்றன. வறண்ட வாய்க்காலுக்கும் நனைந்த வாய்க்காலுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஒரு சிறு கணக்கால் இதனைத் தெளிவாக்குவாம். முன்கூறிய முதியவரின் பெயரில் ஒரு பருவத்தில் 300 பதிவுகள் உள எனக் கொள்வோம். அவர் காயை அனுப்பிய நாட்கள் வெவ்வேறாதலின், அப்பதிவுகள் 300 வெவ்வேறு பக்கங்களிற் சிதறிக் கிடக்கலாம். ஒரு பக்கத்திற்கு 10 மில்லிசெகண்டு வீதம் 300 பக்கங்களுக்கு 3 விநாடி. ஆண்டு தோறும் உள்ள பதிவுகளையுங் கூட்டிப் பாக்கி காணவேண்டின் அது பத்து, இருபது விநாடியாகப் பெருகும். அதே பக்கங்கள் நினைவகத்தில் இருப்பின், கூட்டற் கணக்குச் செய்யும் நேரத்தையுஞ் சேர்த்துச் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும்.

மேலும், அப்பதிவுகள் எங்கெங்கு உள்ளன என்று காட்டும் அகராதியும் வட்டிலேயே உள்ளது. 1972இல் பேயர், மக்கிரெய்ட் என்னும் இருவர் வெளியிட்ட பி-மரம் என்னும் அமைப்பே இவ்வகராதிகட்குப் பெரும்பாலும் அடிப்படை. மரத்தின் ஒவ்வொரு பக்கமும் 300 கிளைகளைக் காட்டுமாயின், மூன்று படிகளில் 2 கோடியே 70 லட்சம் பதிவுகளுள் எதனையும் அடையலாம். வியத்தகு சிக்கனமே! ஆயினும் முதன்முறை அம்மூன்று படிகளும் வட்டினின்றே ஏறி வரவேண்டும். வேர்ப்பக்கத்தை எல்லா வினாக்களும் தொடுமாதலின், முதல் வினா அதனைக் கொணர்ந்த பின்னர் ஏனையோர் யாவரும் அதன் பயனை இலவசமாகப் பெறுகின்றனர். போடியில் முதியவர்க்குப் பின் வந்த இருவரும் விரைந்து விடைபெற்றமைக்கு இது ஒரு காரணம். அவர்தம் பதிவுகளும் அதே நாட்களில் எழுதப்பட்டு அதே பக்கங்களில் கிடந்தமை மற்றொரு காரணமாதல் கூடும்.

இவ்விடத்து இரண்டு நுட்பங்களைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, நினைவில் வைக்கப்படுவன பெரும்பாலும் பக்கங்களேயன்றி விடைகளல்ல. விடையையே சேர்த்துவைக்கும் வழக்கம் மைஎஸ்கியூஎல்லில் முன்பு இருந்தது. 2018இல் வந்த எட்டாம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. கணக்கு மாறுந்தோறும் பழைய விடைகளைத் தேடி யழிக்கவேண்டியிருந்தமையால், பயனினும் சுமை மிகுவதாயிற்று. இரண்டாவது, தரவுத்தளத்தின் பஃபரேயன்றி, லினக்ஸ், விண்டோஸ் போன்ற இயங்குதளங்களும் தாம் படித்த கோப்புகளின் பக்கங்களைத் தம் பங்கிற்கு வைத்துக்கொள்கின்றன. எனவே, தரவுத்தள நிரலை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் முதல் வினா சிறிதே தாமதிக்கும். கணிப்பொறியையே அணைத்து எழுப்பினாலோ மிகத் தாமதிக்கும். இவ்வேற்றுமையைக் கண்டு மயங்குவோர் பலர்.

இரண்டாம் காரணம், வினாவிற்கு வழி வகுத்தலாகும். நாம் தரவுத்தளத்திடம் 'இன்னது வேண்டும்' என்று கூறுகின்றோமேயன்றி, 'இவ்வழியாகத் தேடு' என்று கூறுவதில்லை. வழியைத் தேர்வது அதன் பொறுப்பு. நான்கு அட்டவணைகளை ஒன்றோடொன்று சேர்க்கவேண்டின், அவற்றை வரிசைப்படுத்த 24 முறைகள் உள. எட்டு அட்டவணைகளாயின் 40,320. இவற்றுள் செலவு குறைந்ததை மதிப்பிட்டுத் தேரும் முறையை 1979இல் பாட்ரிசியா செலிங்கரும் அவர்தம் துணைவரும் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தினின்று வெளியிட்டனர். இத்தேர்வு நிகழ்வதற்கு அட்டவணைகளின் அமைப்பு, அளவு, அகராதிகள் பற்றிய குறிப்புகளையும் படிக்கவேண்டும். அக்குறிப்புகளும் முதலில் வட்டிலேயே உள்ளன. ஒருமுறை வகுத்த வழியை ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் முதலியன பலர்க்கும் பொதுவாகச் சேமித்து வைக்கும். போஸ்ட்கிரஸ், முன்னரே ஆயத்தஞ் செய்யப்பட்ட வினாக்கட்கு மட்டும், அவ்வத் தொடர்பின் அளவில் வைத்துக்கொள்ளும். எம்முறையாயினும் முதன்முறை வழிகாணும் உழைப்பு முதல் வினாவின் தலையிலேயே விழுகின்றது.

மூன்றாம் காரணம், தொடர்பும் நிரலும் எழுந்து நிற்றற்காகுங் காலம். மேசையிலுள்ள நிரலும் சர்வரிலுள்ள தரவுத்தளமும் ஒன்றையொன்று அறிந்து, கடவுச்சொல் சரிபார்த்து, மறைமொழி யொப்பந்தஞ் செய்துகொண்ட பின்னரே பேசத் தொடங்கும். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு தொடர்பிற்கும் தனியே ஒரு பணியாளன் உண்டாக்கப்படுகின்றான் எனலாம். அன்றியும், மேசை நிரல் தானும் வட்டினின்று எழுந்து வரவேண்டும். ஜாவா போன்ற மொழிகளில் எழுதப்பட்டவை தொடக்கத்தில் வரி வரியாகப் பொருள் கொள்ளப்பட்டு ஓடும். அடிக்கடி ஓடும் பகுதிகளே பின்னர் இயந்திரமொழியாக மாற்றப்பட்டு விரைவுறும். ஆதலின், சிற்சில வேளைகளில் பழிக்குரியது தரவுத்தளமே யன்று. அதனை யழைக்கும் நிரலே.

நான்காம் காரணம் நம் ஊர்களுக்கு மிகவும் பொருந்துவது. மலைக்காற்று வீசும் மாதங்களில் மின்சாரம் முன்னறிவிப்பின்றி நின்றுவிடுதலை நாமெல்லாம் அறிவோம். முறையாக மூடப்படாத தரவுத்தளம், மீண்டும் எழுங்கால், தன் நாட்குறிப்பைப் படித்துப் பார்க்கின்றது. எழுதி முடித்த கணக்கு எதுவும் தொலையாதிருத்தற்பொருட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் அது முன்னரே அந்நாட்குறிப்பிற் குறித்து வைத்திருக்கும். முடிந்தவற்றை நிலைநிறுத்தி, முடியாதவற்றை நீக்கிய பின்னரே பணி முழுமையடையும். இங்ஙனம் மீட்கும் முறைகளுட் புகழ் வாய்ந்ததும், 1992இல் விரிவாக வெளியிடப்பெற்றதுமாகிய ஏரீஸ் என்னும் முறையை வகுத்தோருள் முதல்வர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற தமிழ்நாட்டவராகிய சி. மோகன் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. இத்தாமதம் குற்றமன்று, நம் கணக்கைக் காக்கும் காவலாகும். பொறுமையிழந்து இடையே மீண்டும் அணைத்தெழுப்புவோர், காவலன் கதவைத் தாழிடும்பொழுது அவன் கையைத் தட்டிவிடுவோரை ஒப்பர்.

ஈண்டு ஒருவர் தடை நிகழ்த்தலாம். 'எங்கள் கணிப்பொறியை யாங்கள் இரவிலும் அணைப்பதில்லை. ஆயினும் காலையில் அது தாமதிக்கின்றதே' என்று. அதற்கு விடை எளிது. கேஷ் எல்லையுள்ள ஓரிடம். புதியது வரப் பழையது வெளியேறவேண்டும். நள்ளிரவில் எல்லாக் கணக்குகளையும் படியெடுக்கும் பேக்கப் ஓடினாலும், நச்சு நிரல் தேடும் காவல் நிரல் வட்டு முழுவதையும் துழாவினாலும், பகலிற் பயன்பட்ட பக்கங்கள் நினைவகத்தினின்று தள்ளப்படக்கூடும். பெரிய அட்டவணையை முழுதும் படிக்குங்கால், போஸ்ட்கிரஸ் தன் பஃபரின் ஒரு சிறு மூலையை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி ஏனையவற்றைக் காத்துக்கொள்கின்றது. ஆயின், இயங்குதளத்தின் கேஷிற்கு அத்தகைய காவல் எப்பொழுதும் அமைவதில்லை.

இக்காரணங்களை அறியாமையால் நம்மவர் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது, சற்று மெல்லென ஓடினவுடன் ரீஸ்டார்ட் செய்வது. இது நனைந்த வாய்க்காலை வேண்டுமென்றே உலர்த்துவதற்கு ஒப்பாகும். இரண்டாவது, காரணம் ஆராயாது புதிய இயந்திரம் வாங்குவது. நாள் முழுதும் மெல்லென ஓடுமாயின் நினைவகம் போதவில்லை என்று கருத இடமுண்டு. அப்பொழுதும் நினைவகத்தை மட்டும் பெருக்குதலும், சுழல்வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. அமைத்தலும் பெரும்பாலும் போதியனவாம். காலையில் ஒருமுறை மட்டும் தாமதிப்பின், அதன்பொருட்டுப் பெருஞ் செலவு செய்தல் வீணே. மூன்றாவது, தாமதத்தை மனிதர்மேல் ஏற்றுவது. எழுத்தர் மந்தமானவர் என்று முதலாளியும், தம் கணக்கில் வஞ்சனை நிகழ்ந்தது என்று வாடிக்கையாளரும் எண்ணுவரேல், அதனால் விளையும் கேடு விநாடிக் கணக்கில் அளக்கத்தக்கதன்று.

மாணவர்க்கு ஒரு சொல். உங்களுட் பலர் இறுதியாண்டுத் திட்டவேலையில் இரண்டு முறைகளை ஒப்பிட்டு, 'என் முறை பத்து மடங்கு விரைவானது' என்று எழுதுகின்றீர்கள். பழைய முறையை முதலில் ஓட்டிப் பார்த்தீர்கள். உடனே புதிய முறையை ஓட்டினீர்கள். முன்னது கொணர்ந்த பக்கங்களின் மேலன்றோ பின்னது ஓடிற்று? அங்ஙனமாயின் அப்பத்து மடங்கு உங்கள் புலமையால் விளைந்ததோ, நனைந்த வாய்க்காலால் விளைந்ததோ, யார் அறிவார்? வரிசையை மாற்றி யோட்டுங்கள், பலமுறை யோட்டுங்கள், வெறுமை நிலையிற் கண்ட காலத்தையும் நிறைந்த நிலையிற் கண்ட காலத்தையும் தனித்தனியே எழுதுங்கள். லினக்ஸில் பக்கக் கேஷை வெறுமையாக்கும் கட்டளை உண்டு. தரவுத்தளத்தை மட்டும் நிறுத்தித் தொடங்குதல் போதாது. முதலோட்டத்தின் காலம் நமக்கு இனியதாக இல்லையென்று அதனை மறைத்தலும் உண்மைக்கு மாறானதே. அளவையில் நேர்மை தவறின் ஏனைய அறிவெல்லாம் என்ன பயன் தரும்?

இனித் தாமதத்தை நீக்கும் வழிகளைக் கூறி முடிப்பாம். முதலோட்டத்தின் செலவை முற்றும் ஒழிக்க இயலாது. ஆனால் அதனை யார், எப்பொழுது ஏற்பது என்பதை நாம் தீர்மானிக்க இயலும். 2013இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 5.6ஆம் பதிப்பு முதல், நிரலை மூடுங்கால் பஃபரிலிருந்த பக்கங்களின் பட்டியலை எழுதிவைத்து, திறக்குங்கால் அவற்றைத் தானே மீண்டும் கொணரச் செய்யலாம். போஸ்ட்கிரஸில் 2014இல் வந்த 9.4ஆம் பதிப்பில் குறித்த அட்டவணையை முன்னரே நினைவகத்திற்கு ஏற்றும் துணைநிரல் சேர்க்கப்பட்டது. 2018இல் வந்த 11ஆம் பதிப்பு முதல் அது தானாகவே நிகழுமாறும் அமைக்கலாம். தொடர்புகளை முன்னரே திறந்துவைத்துப் பலர்க்கும் பங்கிடும் ஏற்பாடும் உண்டு. இவையொன்றும் அறியாதாரும், கடை திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பாகக் கணிப்பொறியை எழுப்பி, நேற்றைய கணக்குகளையும் அடிக்கடி கேட்கப்படும் கணக்குகளையும் ஒருமுறை கேட்டு வைப்பின், அதுவே போதும். மின்சாரம் நிற்குங்கால் முறையாக மூடுதற்கு வேண்டிய அளவு தாங்கும் யு.பி.எஸ். ஒன்றும் அவசியம்.

இதனைச் சிறு காரியமென்று எண்ணற்க. யாதொரு பொதுப்பணியிலும் முதலில் வருபவனே அமைப்பு முழுவதையும் எழுப்பும் செலவைத் தன் காலத்தாற் செலுத்துகின்றான். பின்வருவோர் அதன் பயனைத் துய்க்கின்றனர். அங்ஙனம் முதலில் வருபவர் யாவர்? பெரும்பாலும் தொலைவிலிருந்து முதற் பேருந்தில் வந்து, கடைசிப் பேருந்திற்குள் திரும்பவேண்டிய ஏழை மக்களே. அவர்தம் காலத்தை எடுத்துக்கொள்ளாது, அமைப்பை நடத்துவோர் தம் காலத்தில் ஒரு சிறு பகுதியை முன்னரே ஈவதே நியாயமாகும்.

மேற்கூறியவற்றை யாம் அப்பழைய மாணவர்க்கு ஒரு மாலையில் எடுத்துரைத்தோம். அவர் இப்பொழுது கடைக்குச் சற்று முன்னரே சென்று கணிப்பொறியை எழுப்பிவிடுகின்றார். புதிய இயந்திரம் வாங்கப்படவில்லை. மின்சாரம் நின்று வந்த நாட்களில் மட்டும் பழைய தாமதம் தலைகாட்டுமாம். அந்நாளொன்றில் அதே முதியவர் மேசையருகே நின்றிருந்தபோது, "வாய்க்கால் நனைகிறது ஐயா, இதோ வந்துவிடும்" என்று எழுத்தர் கூறினாராம். முதியவர் சிரித்துவிட்டு, பெஞ்சியில் அமர்ந்து காபியைக் குடித்தார் என்று எமக்கு எழுதியிருக்கின்றார்.